இரண்டு டம்மி ரெகுலேட்டர்கள்

லினக்ஸ் ஓடும் சிறிய போர்டுகளோடு பழகியவர்கள் எல்லோரும் கர்னல் லாகில், அதாவது லினக்ஸின் மையநிரல் எழுதும் பதிவில், ஒரு வரியைப் பார்த்திருப்பார்கள். இன்ன சென்சார் கேட்ட சப்ளை (மின்வழங்கல்) கிடைக்கவில்லை, அதற்குப் பதிலாக டம்மி ரெகுலேட்டர், அதாவது மின்சாரத்தைச் சீராக்கித் தரும் ரெகுலேட்டரின் போலி, பயன்படுத்தப்படுகிறது என்று அது சொல்லும். அதனால் எதுவும் நின்றுபோவதில்லை. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் ஐ2சி கம்பிகளில் (சிப்புகள் பேசிக்கொள்ளும் இரு கம்பிகள்) போஷ் நிறுவனத்தின் பிஎம்இ280 சென்சாரை இணைத்து, அதை இயக்கும் நிரலான டிரைவரை ஏற்றினால் இந்த வரி இரண்டு முறை வரும். டிஜிட்டல் சப்ளைக்கு ஒன்று, அனலாக் சப்ளைக்கு ஒன்று. அடுத்த கணமே வெப்பநிலையும் காற்றழுத்தமும் ஈரப்பதமும் ஒழுங்காகப் படிக்கக் கிடைக்கும். ஆகவே, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கேட்டால் "அது அப்படித்தான் வரும், விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிடுவது எங்கள் தொழிலில் வழக்கமாகிவிட்டது.

அந்தப் பதில் எனக்கு இப்போது வாயில் வருவதில்லை. ஒரே போர்டில், ஒரே சென்சாருக்கு, அடுத்தடுத்து வந்த இரண்டு டம்மி ரெகுலேட்டர் வரிகளில் முதலாவது முற்றிலும் தீங்கற்றதாகவும், இரண்டாவது அந்தச் சாதனத்தையே முடக்கிப்போடுவதாகவும் இருந்ததைப் பார்த்தபின், ஒரு டிரைவரால் எதை அறிய முடியும், எதை அறியவே முடியாது என்ற கேள்வி என்னை விடாமல் தொடர்கிறது. பயிற்சி வகுப்புகளில், டிரைவர் என்றால் சிப்பின் ரெஜிஸ்டர்கள் என்ற சிறு நினைவிடங்களில் எழுதிப் படிக்கும் நிரல் என்று கற்பிக்கிறார்கள். பைட் பைட்டாகப் படிக்கும் கேரக்டர் டிவைஸ் ஒன்றைப் பதிவுசெய்து, திறந்து, எழுதி, மூடிக் காட்டுவதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் போர்டுகளில் நான் சந்தித்த சிக்கல்களில் ரெஜிஸ்டர்களைப் பற்றியவை குறைவு. சிப்புக்கு வெளியே அதைச் சூழ்ந்திருக்கும் சப்ளை, கிளாக், பின், இன்டரப்ட் ஆகியவற்றைப் பற்றியவையே அதிகம்.

தன் பெயரைச் சொல்லாத சிப்

யூஎஸ்பி சாதனம் ஒன்றைச் செருகினால், தன்னைத் தயாரித்தவர் யார், தான் எந்தப் பொருள் என்ற இரண்டு 16 பிட் எண்களை அது தானாகவே சொல்லிவிடுகிறது. பிசிஐ அட்டைகளும் அப்படித்தான். கர்னல் அந்த எண்களைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருத்தமான டிரைவரை அழைத்துக்கொள்ளும். ஐ2சி கம்பியில் இந்த வசதி கிடையாது. 1980-களின் தொடக்கத்தில், தொலைக்காட்சிப் பெட்டி போன்றவற்றுக்குள் இருக்கும் சிப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறை அது. இரண்டே கம்பிகள், ஒரு 7 பிட் முகவரி. ஹெக்ஸ் (16 அடிமான எண்) 76 என்று அழைத்தால், அந்த முகவரிக்குரிய சிப் தரவுக் கம்பியை ஒரு கிளாக் துடிப்புக்குத் தாழ்த்தி, தான் இருப்பதைத் தெரிவிக்கும். அது என்ன சிப் என்பது அந்தப் பதிலில் இருக்காது. டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப்பும் எம்பியூ6050 என்ற அசைவு சென்சாரும் ஒரே ஹெக்ஸ் 68 முகவரியில் பதில் சொல்பவை. முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு எது எது என்று பிரிக்க இயலாது.

ஆகவே, போர்டில் என்ன இருக்கிறது என்பதைக் கர்னலுக்கு யாரேனும் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆர்ம் செயலிகளின் உலகில் முன்பெல்லாம் ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனி சி கோப்பு இருந்தது. அவை பெருகிப் பெருகிக் கர்னல் மூலநிரலை அடைத்துக்கொண்டபோது, 2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் பொறுமையிழந்து கடுமையான சொற்களில் ஆர்ம் பராமரிப்பாளர்களைக் கடிந்துகொண்டது பலருக்கும் நினைவிருக்கும். சன் கணினிகளிலும் பவர்பிசி கணினிகளிலும் புழங்கிய ஓப்பன் ஃபர்ம்வேர் மரபிலிருந்து வந்த டிவைஸ் ட்ரீ, அதாவது போர்டில் என்னென்ன இருக்கிறது என்று விவரிக்கும் கோப்பு, ஆர்முக்கும் வழக்கமாகிவிட்டது அதற்குப் பிறகுதான். 2012 இறுதியில் வந்த 3.7 பதிப்பிலிருந்து, வெவ்வேறு நிறுவனங்களின் ஆர்ம் சிப்புகளுக்கு ஒரே கர்னல் இமேஜைக் கட்ட முடிகிறது என்றால், போர்டைப் பற்றிய விவரம் நிரலிலிருந்து பிரிந்து தனிக் கோப்புக்குப் போனதே காரணம்.

அந்தப் பிரிவினை நல்லதுதான். ஆனால் அதனால் ஒரு புதிய நிலைமை ஏற்பட்டது. டிரைவரை எழுதுபவர் உலகில் எங்கோ இருக்கிறார். போர்டை வரைந்தவர் வேறு நிறுவனத்தில் இருக்கிறார். இருவருக்கும் நடுவே டிவைஸ் ட்ரீயை எழுதும் மூன்றாமவர் ஒருவர், பெரும்பாலும் சிப் நிறுவனத்தின் மாதிரிக் கோப்பை நகலெடுத்துத் திருத்துபவர், சுற்று வரைபடமான ஸ்கீமாட்டிக்கைப் பார்த்தும் பார்க்காமலும் சில வரிகளை எழுதுகிறார். டிரைவரின் கண்ணுக்குத் தெரிவது அந்த மூன்றாமவர் எழுதியது மட்டுமே.

டிரைவர் கேட்பதும் பெறுவதும்

பிஎம்இ280-க்கான டிரைவர் கர்னலில் சென்சார்களுக்கான ஐஐஓ பிரிவில் இருக்கிறது. பிஎம்பி180 தொடங்கி அந்தக் குடும்பத்தின் பல சிப்புகளுக்கும் அதுவே டிரைவர். டிவைஸ் ட்ரீயில் அந்தப் பெயரைக் கண்டதும் கர்னல் சாதனத்தைக் கண்டறிந்து தொடங்கிவைக்கும் அதன் ப்ரோப் செயல்கூற்றை அழைக்கிறது. அதன் முதல் வேலை ரெஜிஸ்டரைத் தொடுவது அன்று. டிஜிட்டல் சப்ளையையும் அனலாக் சப்ளையையும் ரெகுலேட்டர் பிரிவிடம் கேட்டுப் பெற்று, இரண்டையும் இயக்கச் சொல்லி, சிப் விழித்துக்கொள்வதற்காக 2 மில்லிநொடி அளவில் காத்திருக்கிறது. பிறகுதான் ஹெக்ஸ் டி0 என்ற ரெஜிஸ்டரைப் படிக்கிறது. அதில் ஹெக்ஸ் 60 இருந்தால் பிஎம்இ280. 58 இருந்தால் ஈரப்பதம் அளக்காத பிஎம்பி280. (பிஎம்இ என்று சொல்லி பிஎம்பி மாட்யூலை விற்பது இணையச் சந்தையில் சாதாரணம் என்பதால், மாட்யூல் வாங்கியவுடன் நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.) அதன் பின், தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு சிப்புக்குள்ளும் எழுதப்பட்ட திருத்த எண்களைப் படித்து வைத்துக்கொள்கிறது. சிப் தருவது 20 பிட் அளவிலான கச்சா எண். திருத்த எண்களைக் கொண்டு, சிப்பின் விவர ஆவணமான டேட்டாஷீட்டில் உள்ள சூத்திரத்தின்படி கணக்கிட்டால்தான் அது வெப்பநிலை ஆகும்.

இந்தக் கணக்குகள் எந்தப் போர்டிலும் மாறாதவை. ஒருவர் ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் உலகமே பயன்படுத்திக்கொள்ளலாம். போர்டுக்குப் போர்டு மாறுவது சப்ளையைக் கேட்ட அந்த முதல் படி. டிரைவர் அங்கே சரியாகவே கேட்கிறது. டிவைஸ் ட்ரீயில் அந்தச் சப்ளை எழுதப்படவில்லை என்றால், ரெகுலேட்டர் பிரிவு "இல்லை" என்று மறுப்பதில்லை. சிப் போர்டில் இருக்கிறது என்றால் அதற்கு எங்கிருந்தோ மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும், எழுத மறந்திருப்பார்கள் என்று கருதி, ஒரு பொய்யான ரெகுலேட்டரைக் கொடுத்துவிடுகிறது. அதை இயக்கச் சொன்னால் 'இயக்கிவிட்டேன்' என்கிறது, அணைக்கச் சொன்னால் 'அணைத்துவிட்டேன்' என்கிறது, உண்மையில் ஒன்றும் செய்வதில்லை. டிரைவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் உண்மையான ரெகுலேட்டருக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது.

அரை நிமிடம்

நான் சொல்லவந்த போர்டு, குளிர்பதனக் கிடங்குகளின் நிலவரத்தைக் கண்காணிக்கும் சாதனத்துக்காக ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் வடிவமைத்தது. ஏஎம்335எக்ஸ் வகைச் செயலி, தனியே ஒரு பவர் மேனேஜ்மெண்ட் சிப், ஐ2சி கம்பியில் பிஎம்இ280-உம் ஒரு ஈஈப்ராமும் (நினைவகச் சிப்), கம்ப்ரஸர் கட்டுப்பாட்டுக் கருவியோடு மாட்பஸ் என்ற தொடர்பு முறையில் பேச ஒரு ஆர்எஸ்485 கம்பி இணைப்பு. புகார் இதுதான்: மின்சாரம் கொடுத்ததும் சென்சார் நன்றாக வேலை செய்கிறது; சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது; லினக்ஸை ரீபூட் செய்தால் சென்சாரே கண்டறியப்படுவதில்லை; மின்சாரத்தை முழுதாகத் துண்டித்து மீண்டும் கொடுத்தால் உயிர் பெறுகிறது.

இப்படி ஒரு புகாரைக் கேட்டால் மென்பொருள் பக்கம் இருப்பவர்கள் சாலிடரையும் சூட்டையும் சந்தேகிப்பார்கள்; வன்பொருள் பக்கம் இருப்பவர்கள் டிரைவரைச் சந்தேகிப்பார்கள். இரண்டும் நடந்தன. ஐ2சி வேகம் 400 கிலோஹெர்ட்ஸிலிருந்து 100-க்குக் குறைக்கப்பட்டது. கம்பிகளை உயர் மின்னழுத்தத்தில் பிடித்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர்கள் மாற்றப்பட்டன. வேறு சிப் ஒட்டப்பட்டது. வன்பொருள் குழுவின் மூத்த பொறியாளர் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, 3.3 வோல்ட் அசையாமல் நிற்கிறது, உங்கள் டிரைவரைப் பாருங்கள்" என்றார். அவர் சொன்னது உண்மை. பிஎம்இ280-க்கு இரண்டு சப்ளை பின்கள் உண்டு. கம்பியோடு பேசும் பகுதிக்கான விடிடிஐஓ (டிரைவர் கேட்கும் டிஜிட்டல் சப்ளை), போர்டின் பொதுவான 3.3 வோல்ட்டிலிருந்து நேராக வந்தது. எளிதில் எட்டக்கூடிய கப்பாசிட்டர் அதற்குரியது, அவர் அளந்தது அதைத்தான். அளக்கும் பகுதிக்கான விடிடி (அனலாக் சப்ளை), பவர் சிப்பின் எல்டிஓ என்ற வகை ரெகுலேட்டர் ஒன்றிலிருந்து வந்தது. அதன் கப்பாசிட்டர் போர்டின் மறுபுறத்தில், உலோக மூடிக்கு அடியில் இருந்தது.

ஐ2சி கம்பியைத் துழாவும் கருவியும் எங்களுக்கு உதவவில்லை. அந்த அட்டவணையில் ஈஈப்ராம் தன் முகவரியில் தெரிந்தது. 76-இல் 'யூயூ' என்று இரண்டு எழுத்துகள் தெரிந்தன. அந்த முகவரியை ஒரு டிரைவர் எடுத்துக்கொண்டிருக்கிறது, ஆகவே நான் அதைத் தொடவில்லை என்பதே அதன் பொருள். சிப் உயிரோடு இருக்கிறதா என்பதை அது சொல்வதில்லை. ஆனால் கட்டத்தில் ஏதோ இருப்பதைக் கண்டதும், சிப் பதில் சொல்கிறது என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கம்பியும் பழுதில்லாமல்தான் இருந்தது. விடிடிஐஓ இருந்து விடிடி இல்லாதபோது பிஎம்இ280 தன் பின்களைக் கம்பியிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ளும், மற்றவர்கள் பேச்சைக் கெடுக்காது என்று அதன் டேட்டாஷீட்டே கூறுகிறது. இறந்துபோன சிப் அத்தனை நாகரிகமாக இறந்திருந்தது.

திருப்பம் வந்தது, இரண்டு திரைகளை அருகருகே திறந்து வைத்தபோது. இடப்பக்கம் நொடிக்கு ஒருமுறை வெப்பநிலையைப் படிக்கும் சிறிய ஸ்கிரிப்ட். ஐஐஓ மில்லி டிகிரியில் தருவதால் 29350, 29360 என்று எண்கள் வரிவரியாக வந்துகொண்டிருந்தன. வலப்பக்கம் கர்னல் லாக், வடிகட்டாமல். 'வடிகட்டாமல்' என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அதுவரை எல்லோரும் லாகில் சென்சார் டிரைவரின் பெயரைத் தேடி, அந்தப் பெயர் உள்ள வரிகளை மட்டுமே படித்துக்கொண்டிருந்தார்கள். போர்டு துவங்கி 32-ஆம் நொடி வாக்கில் வலப்பக்கம் ஒரே ஒரு வரி வந்தது: 'எல்டிஓ4: டிசேபிளிங்', அதாவது எல்டிஓ4 அணைக்கப்படுகிறது. அடுத்த நொடி இடப்பக்கம் எண் நின்று, 121 என்ற பிழை வந்தது. கம்பியின் மறுமுனையில் யாரும் பதில் சொல்லவில்லை என்பதை அந்த ஐ2சி கண்ட்ரோலரின் டிரைவர் அறிவிக்கும் எண் அது.

அந்த வரியில் சென்சாரின் பெயர் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனெனில் எல்டிஓ4-க்கும் சென்சாருக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. நடந்ததைக் கோத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. மின்சாரம் வந்ததும் பவர் சிப் தன் வரிசைப்படி எல்லா எல்டிஓக்களையும் திறந்துவிடுகிறது. சென்சார் டிரைவர் சப்ளையைக் கேட்கிறது. டிவைஸ் ட்ரீயில் இல்லாததால் டம்மி கிடைக்கிறது. ஆனால் உண்மையான மின்சாரம் ஏற்கெனவே வந்துகொண்டிருப்பதால் சிப் பதில் சொல்கிறது. கர்னல் தன் துவக்க வேலைகளை முடித்து 30 நொடிகள் காத்திருந்து, யாரும் உரிமை கோராத ரெகுலேட்டர்கள் எவை என்று பார்த்து அணைக்கிறது. ஆள் இல்லாத அறையில் விசிறி சுற்றுகிறதே என்று அணைத்துவிட்டுப் போகும் வீட்டுப் பெரியவரைப் போல. போர்வைக்குள் பிள்ளை தூங்குவது அவருக்குத் தெரியாது. ரீபூட் செய்தால் செயலி மட்டும் புதிதாகத் தொடங்குகிறது. பவர் சிப் அணைத்ததை நினைவில் வைத்திருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்தால்தான் அது மறக்கிறது. புகாரின் ஒவ்வொரு வாக்கியமும் இதில் அடங்கிவிட்டது.

ஏன் 30 நொடி என்று கேட்கலாம். அந்த நிரலுக்கு மேலே உள்ள குறிப்பு அதை மறைக்கவில்லை. பல டிரைவர்கள் தாமதமாக ஏற்றப்படுகின்றன. எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன என்று கர்னலுக்கு அறிவிக்க வழியில்லை. எனவே சற்றுக் காத்திருந்து, அது போதுமென்று நம்புவோம் என்ற பொருளில்தான் அங்கே எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்த நல்லெண்ணக் காத்திருப்புதான் சிக்கலைக் கண்டுபிடிக்கக் கடினமாக்கியது. துவக்கத்திலேயே அணைத்திருந்தால் சென்சார் ஒருமுறைகூட வேலை செய்திருக்காது. எவரும் சூட்டையும் சாலிடரையும் சந்தேகித்திருக்க மாட்டார்கள்.

கூட இருந்த இன்னொருவர்

டிவைஸ் ட்ரீயில் சென்சாரின் கீழ் அனலாக் சப்ளைக்கு எல்டிஓ4-ஐயும் டிஜிட்டல் சப்ளைக்குப் பொதுவான 3.3 வோல்ட்டையும் எழுதியதும் டம்மி வரிகள் இரண்டும் மறைந்தன. அரை நிமிடம் தாண்டியும் வெப்பநிலை வந்தது. கதை இங்கே முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அன்றே பயன்பாட்டு மென்பொருள் குழுவிலிருந்து ஒருவர் வந்து, மாட்பஸ் முன்பைவிட மோசமாகிவிட்டது என்றார். முன்பு சிறிது நேரம் பேசிவிட்டு மொத்தமாக நின்றது. இப்போது விட்டுவிட்டுப் பேசுகிறது. அவர்கள் அதைத் தனியான சிக்கலாக எண்ணி, கேபிளின் கடைசியில் இருக்கும் 120 ஓம் ரெசிஸ்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆர்எஸ்485 டிரான்சீவர் சிப்பும் அதே எல்டிஓ4-இல்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்கீமாட்டிக்கில் இரண்டும் வெவ்வேறு பக்கங்களில் இருந்தன. சென்சார் டிரைவர் இப்போது உண்மையான ரெகுலேட்டரைக் கையில் வைத்திருந்ததால், தன் சிக்கன குணத்தையும் உண்மையாகவே காட்டத் தொடங்கியது. படிப்பதற்கு யாரும் கேட்காமல் நொடியில் ஒரு பகுதி கடந்துவிட்டால் அது சப்ளையை விட்டுவிடும். மீண்டும் யாராவது கேட்டால் சப்ளையை எடுத்து, சிப்பை மறுபடி அமைத்து, படித்துக் கொடுக்கும். ரெகுலேட்டர் பிரிவு எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கும்; எண்ணிக்கை சுழியானால் அணைக்கும். அந்த எண்ணிக்கையில் டிரான்சீவர் இல்லை. சென்சார் விழித்திருந்த சிறு சிறு இடைவெளிகளில் மட்டும் கம்ப்ரஸரோடு பேச முடிந்தது.

டிரான்சீவரை எண்ணிக்கையில் சேர்ப்பதற்கு நேரான வழியும் இல்லை. அது வெறும் மின்னழுத்த மாற்றி. அதற்கென்று முகவரியோ ரெஜிஸ்டரோ டிரைவரோ கிடையாது. செயலியில் அந்தக் கம்பி இணைப்பைக் கையாளும் யூஆர்ட் பகுதியின் டிரைவருக்கு, தன் கம்பி போர்டை விட்டு வெளியேறுவதற்கு முன் எந்தச் சிப்பின் வழியாகப் போகிறது என்பது தெரியாது. ஆகவே எல்டிஓ4 எப்போதும் இயங்கட்டும் என்று டிவைஸ் ட்ரீயில் எழுதினோம். இந்த ஒற்றைச் சொல்லைத்தான் பலர் முதல் நாளிலேயே போட்டுவிட்டுப் போவார்கள்; எனக்கு அது பிடிக்காத வழக்கம், காரணத்தை ஆராயாமல் நோயை அமுக்கிவிடும் மருந்து. ஆனால் இங்கே அது போர்டின் உண்மையைச் சொல்லும் விவரம்: மென்பொருளுக்குத் தெரியாத ஒருவர் இந்தச் சப்ளையில் இருக்கிறார், அவருக்கு எந்நேரமும் மின்சாரம் வேண்டும். அதே சொல், காரணம் தெரிந்து அடுத்த வரியில் ஒரு குறிப்போடு எழுதப்படும்போது வேறாகிவிடுகிறது.

டம்மி ரெகுலேட்டரையே எடுத்துவிட வேண்டும் என்று நான் கோரவில்லை. ரெகுலேட்டர் பிரிவை வடிவமைத்தவர்களின் நியாயம் வலுவானது. சப்ளை பெயர் எழுதப்படாத டிவைஸ் ட்ரீக்கள் ஏராளம். டிரைவரில் புதிதாகச் சப்ளை கேட்கும் வரி சேர்ந்த அன்றே அத்தனை பழைய போர்டுகளும் சென்சாரை இழந்தால் யாரும் கர்னலைப் புதுப்பிக்க மாட்டார்கள். ராஸ்பெரி பையோடு இணைக்கப்படும் மாட்யூலில் சப்ளை நேராக 3.3 வோல்ட்டில் நிற்கிறது. அங்கே கர்னலின் ஊகம் மெய். எங்கள் போர்டிலும் டிஜிட்டல் சப்ளையைப் பற்றிய ஊகம் மெய்தான். அனலாக் சப்ளையைப் பற்றியது மட்டும் பொய். லாகில் இரண்டு வரிகளும் சப்ளையின் பெயர் தவிர எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன; எது எந்த வகை என்பது ஸ்கீமாட்டிக்கைத் திறந்தவருக்கு மட்டுமே தெரியும்.

இப்போது புதிய போர்டுகளைப் பார்வையிடும்போது நான் கேட்பது, மாறாத சப்ளைகளையும் நிலையான ரெகுலேட்டர்களாக டிவைஸ் ட்ரீயில் எழுதிவிடுங்கள் என்பதுதான். ஒரு சப்ளைக்கு நான்கைந்து வரிகள் ஆகும். அதனால் நடைமுறையில் எதுவும் மாறாது, மின்சாரம் முன்போலவேதான் வரும். ஆனால் லாகில் ஒரு டம்மி வரிகூட மிஞ்சாது, மிஞ்சினால் அது பதில் சொல்லவேண்டிய கேள்வியாக நிற்கும். இதற்கு எதிர்ப்பும் உண்டு. மாதிரிக் கோப்பில் இல்லாததை நாங்கள் ஏன் எழுத வேண்டும், எழுதினால் பராமரிப்பது யார் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்தக் குளிர்பதனச் சாதனத்தின் அடுத்த பதிப்பில் டிரான்சீவரை எல்டிஓ4-இலிருந்து பொதுவான 3.3 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். எப்போதும் இயங்கட்டும் என்ற அந்தச் சொல்லுக்கு இனி வேலையில்லை. அதை நீக்கினால் சென்சார் மீண்டும் தன் மின்சாரத்தைச் சேமித்துக்கொள்ளும். ஸ்கீமாட்டிக் மாறியதை வன்பொருள் குழு தன் பதிவேட்டில் குறித்திருக்கிறது. டிவைஸ் ட்ரீ மென்பொருள் குழுவின் கிட் (Git) நிரல் களஞ்சியத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒருசேரத் திறந்து பார்க்கும் பொறுப்பு அந்த நிறுவனத்தில் யாருடையது என்று கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் வரவில்லை.